எண்ணூர் ரோட்டுக் கறுப்புத் தூசி

துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்தாலே எல்லாரும் புகையைத் திட்டுகிறோம், சரி, ரோட்டோரம் படிந்து கிடக்கிற கறுப்புத் தூசியை யார் திட்டுவது? பிரேக் பிடிக்கும்போதெல்லாம் பேடு தேய்ந்து செம்பும் ஆன்டிமனி என்கிற உலோகமும் உதிர்கின்றன, டயர் ரப்பரில் துத்தநாகம் கலந்திருப்பதால் தேயத் தேய அதுவும் ரோட்டில்தான் சேர்கிறது. ஈயம் கலந்த பெட்ரோலை 2000-லேயே நிறுத்தியாச்சு. ஆனால் ஈயம் என்ன மக்கிப் போகிற பொருளா, பழையது சாலையோர மண்ணில் தங்கிவிடும், அடுத்த லாரி போனால் திரும்பவும் கிளம்பும். மின்சார வண்டி வந்தால் புகை போகும், டயர் தேயாமலா இருக்கும்?

எனக்குக் கடுப்பாவது ரோடு பெருக்குகிற அக்காக்களை நினைத்தால்தான். காய்ந்த தூசியை வெறும் துடைப்பத்தால் தள்ளினால் அவர்கள் மூக்குக்குள்தானே போகும். தூசியை உறிஞ்சுகிற வண்டியைத் தினமும் இந்தப் பக்கமும் விடுங்கப்பா!

அப்புறம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் ரோட்டை ஒட்டிக் குடியிருப்பவர்கள் தரையைப் பெருக்குவதோடு விடாமல் ஈரத்துணியாலும் துடையுங்கள். தவழுகிற குழந்தை இருந்தால் அடிக்கடி கையைக் கழுவிவிடுங்கள், அது விரலை வாயில் வைக்காமல் இருக்காது, ஈயம் கொஞ்சம் போனாலும் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.