இரட்சிப்பும் சேர்வராயன் மலையின் முன்னோரும்

இயேசுவின் மலைப்பொழிவைப் படித்து மனம் இளகாதவர் குறைவு. என் ஐயம் அவரைப் பற்றியது அன்று. அவருடைய மரணத்தைச் சுற்றி எழுந்த இரட்சிப்புக் கோட்பாட்டைப் பற்றியது. சேலத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களோடு நெருங்கிப் பழகி, அவர்களுடைய திருமணங்களிலும் அடக்க ஆராதனைகளிலும் இதைப் பலமுறை கேட்டிருந்தும், சபைக்கு வெளியே நிற்கும் எனக்கு அது இன்றும் பிடிபடவில்லை.

அக்கோட்பாடு சொல்வது இது: முதல் மனிதன் ஆதாமின் மீறுதலால் மனிதர் அனைவரும் பாவத்துக்கு உட்பட்டனர். அதற்குரிய தண்டனையைக் குற்றமற்ற கிறிஸ்து சிலுவையில் ஏற்றார். அவரை விசுவாசிப்பவர் மீட்கப்படுவர். இதில் பிறவியிலேயே ஒரு குறை உண்டு என்பது சைவ சித்தாந்தம் அறிந்தவருக்குப் புதிதன்று. ஆணவ மலம் உயிரை அநாதியாகவே பற்றியிருக்கிறது என்றுதான் அதுவும் கூறும். ஆனால் அது உயிரின் அறிவை மறைக்கும் இருளேயன்றி, முன்னோர் ஒருவர் செய்த குற்றத்தின் பழி அன்று. அந்தப் பழியும் வழிவழியாக வருகிறது என்று பழைய இறையியலாளர் அகஸ்டினைப் பின்பற்றிய மேற்குத் திருச்சபை வலியுறுத்தியது. கீழை மரபுவழிச் சபைகளோ சாவும் பலவீனமும் வருகின்றன, குற்றம் வருவதில்லை என்கின்றன. தந்தையின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரமே சொல்லும்போது, கீழைச் சபைகளின் பக்கமே நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

கடனை வேறொருவர் அடைக்கலாம். கொலைக்கான தண்டனையை வேறொருவர் ஏற்றால் அதை நீதி என்பார் உண்டா? 11ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் அன்செல்ம் கிறிஸ்துவின் மரணத்தைக் கடவுளின் மாட்சிக்குச் செலுத்திய ஈடாக விளக்கினார். 16ஆம் நூற்றாண்டில் புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதிகள், மனிதருக்குரிய தண்டனையை அவர் மாற்றாக ஏற்றதாக விளக்கினர். லூக்கா 15இல் வரும் தகப்பனோ, சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய மகனிடம் எந்த ஈடும் கேளாமல் ஓடிச்சென்று கட்டிக்கொள்கிறான். இயேசு சொன்ன அந்தக் கதைக்குப் பலி தேவைப்படவில்லை.

கிறிஸ்தவத்தைப் பரப்பும் லண்டன் மிஷன் சேலத்துக்கு வந்தது 1827இல். அதற்கு முன் ஏற்காட்டுக் குகைக்கோயிலில் சேர்வராயனைக் கும்பிட்டு வாழ்ந்து மடிந்த மலைமக்களின் கதி என்ன? திருச்சபைக்கு வெளியே இருப்போருக்கு நித்திய வாழ்வு இல்லை என்று 1442இல் கத்தோலிக்கத் திருச்சபையின் பொதுச்சங்கமான புளோரன்ஸ் சங்கம் அறிவித்தது. தம் குற்றமின்றிக் கிறிஸ்துவை அறியாமல், மனச்சான்றின்படி வாழ முயல்வோரும் மீட்படையக்கூடும் என்று 1964இல் அதே திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியது. வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் அறியாதவருக்கு வழி உண்டு என்றால், கேட்டும் நம்ப இயலாமற்போனவரின் நிலைதான் மோசமாகிறது. நற்செய்தி அவருக்கு மட்டும் ஆபத்தாக முடிகிறது. நற்செய்தி ஆபத்தை விளைவிக்க அன்று, மகிழ்ச்சியைப் பகிரவே அறிவிக்கப்படுகிறது என்பது நல்ல பதில்தான். பேருந்து நிலையத்தில் கையில் திணிக்கப்படும் துண்டுப் பிரசுரத்தில் அந்த மகிழ்ச்சியைவிட நரக அக்கினிக்கே இடம் அதிகம் என்பது வேறு விஷயம்.

விசுவாசம் விரும்பியவுடன் வருவதன்று. அதுவும் கடவுளின் ஈவே என்று பவுலின் நிருபங்களைக் காட்டிக் கிறிஸ்தவர்களே சொல்கிறார்கள். அப்படியானால், நேர்மையாகத் தேடியும் அந்த ஈவு கிடைக்காதவர்மீது குற்றம் சாட்டப்படுவது எதன் பேரில்?