யார் கை வைத்தது என்று தேடியபோது

ஒருநாள் காலையில் எங்களுக்கு மெயிலே வரவில்லை. எங்கள் டொமைனின் (இணையப் பெயரின்) அமைப்புகள் இருக்கும் டிஎன்எஸ் பேனலைத் திறந்தால், மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைக் காணோம். சேர்ப்பது ஐந்து நிமிட வேலை, சேர்த்துவிட்டேன். நல்லவேளை, அனுப்பியவர்களின் சர்வர்கள் மெயிலை வரிசையில் வைத்திருந்து மீண்டும் மீண்டும் முயலும் என்பதால் பெரும்பாலானவை தாமதமாக வந்து சேர்ந்தன.

சரி, யார் அழித்தது? யார் எப்போது என்ன மாற்றினார்கள் என்று பதியும் ஆக்டிவிட்டி லாகில் "அட்மின்" என்றிருந்தது. அந்த ஒரே பாஸ்வேர்டை ஐந்து பேர் வைத்திருந்தோம், ஐபி முகவரியும் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆளாளுக்கு "நான் இல்லை" என்றார்கள். போதாக்குறைக்கு லாகில் நேரம் நம் ஊர் நேரத்தில் இல்லாமல் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்ததைக் கவனிக்காமல், அந்த நேரத்தில் வேலையில் இருந்த ஒருவரை வீணாகக் குடைந்தேன், இன்னும் கூச்சமாக இருக்கிறது. அப்புறம்தான் பார்த்தேன்: ஒரு டிஎக்ஸ்டி ரெக்கார்ட் (டொமைனில் போட்டுவைக்கும் எழுத்துக் குறிப்பு) அழிந்த அதே விநாடியில் எம்எக்ஸும் அழிந்திருக்கிறது. மனிதக் கைக்கு அந்த வேகம் வராது. இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பிக்கும் பழைய ஸ்கிரிப்ட் (தானாக ஓடும் சிறு நிரல்), முழு அதிகாரமுள்ள ஏபிஐ கீயோடு (நிரல்களுக்கான பாஸ்வேர்ட் போன்றது) ஓடிக்கொண்டிருந்தது. சரிபார்ப்புக்காகத் தான் போட்ட டிஎக்ஸ்டியை அழிக்கும்போது எம்எக்ஸையும் சேர்த்து அழித்திருக்கிறது.

அன்றே ஆளுக்கொரு லாகின் போட்டு, ஆப்பில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண்ணையும் கட்டாயமாக்கினோம். மாற்றும் உரிமை இரண்டு பேருக்கு, மற்றவர்கள் பார்க்கலாம், அவ்வளவுதான். ஸ்கிரிப்ட்தான் இழுத்தடித்தது. எங்கள் டிஎன்எஸ் சேவையில் டோக்கனின் (ஏபிஐ கீயின்) அதிகாரத்தை ஒரு ஜோன், அதாவது ஒரு ரெக்கார்ட் தொகுப்பு, வரைக்கும் சுருக்கலாம், டிஎக்ஸ்டி மட்டும் என்று கட்டுப்படுத்த வழியில்லை. அதனால் சான்றிதழ் சரிபார்ப்புக்கான பெயரை சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் ரெக்கார்ட்) மூலம் தனி ஜோனுக்குத் திருப்பி, டோக்கனை அந்த ஜோனுக்கு மட்டும் கொடுத்தோம். இனி அது என்ன குளறுபடி செய்தாலும் மெயில் பக்கம் வராது. லாகைத் தினமும் வேறிடத்துக்கு நகலெடுக்கிறோம், அட்மினாலும் அங்கே அழிக்க முடியாது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது டொமைன் வாங்கிய ரிஜிஸ்ட்ரார் கணக்கு ஞாபகம் வந்தது. டொமைனின் ரெக்கார்டுகளை எங்கே தேட வேண்டும் என்று சொல்லும் நேம்சர்வரையே மாற்றக்கூடிய கணக்கு, டிஎன்எஸ் பேனலைவிட ஆபத்தானது. அதன் மீட்பு மெயில் முகவரி அதே டொமைனில் இருந்தது! டொமைன் கைவிட்டுப் போனால் பாஸ்வேர்ட் மாற்றும் மெயிலும் வராது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதை. முகவரியை வெளியே மாற்றி, டொமைனை வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்றவிடாமல் தடுக்கும் டிரான்ஸ்ஃபர் லாக் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் மடிக்கணினியை மூடினேன்.