ஜூம் முடியும்போது ஃப்ரேமில் இல்லாதவர்கள்

ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவரைப் பற்றிய படத்தை எடிட் செய்தேன். அதில் ஒரு பழைய குழுப் புகைப்படம். வாய்ஸ் ஓவரில் நிறுவனரின் பெயர் வரும் இடத்தில் ஜூம் அவர் முகத்தில் போய் நிற்க வேண்டும். அந்தக் குழுப் புகைப்படத்துக்கு நான் எடுத்த முடிவு அதுதான். வேறு எந்த எடிட்டரும் அதையேதான் செய்திருப்பார் என்று இன்றும் நினைக்கிறேன். 8 விநாடி ஷாட். அசைவு தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் குறிக்கும் புள்ளிகள்தான் கீஃப்ரேம்கள். முதல் கீஃப்ரேமில் எல்லா வரிசை ஊழியர்களும் தெரிவார்கள். கடைசி கீஃப்ரேமில், நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மட்டும்.

அந்தப் புகைப்படத்தைத் தந்த பெரியவர் அந்த நிறுவனத்திலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ப்ரிவியூவில் அந்த ஷாட் முடிந்ததும், "மத்தவங்கல்லாம் எங்க தம்பி போனாங்க?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. "ஆரம்பத்துல எல்லாரும் இருக்காங்க சார், அப்புறம்தான் அவர் முகத்துக்குப் போறோம்" என்றேன். "ஓ, சரி சரி" என்றார். திருத்தம் எதுவும் கேட்கவில்லை. ஷாட் அப்படியே போனது.

நான் சொன்னதில் பொய் இல்லை. வேலையிலும் குறை இல்லை. புகைப்படத்தின் ஸ்கேன் 6000 பிக்சல் அகலம், நான் எடிட் செய்த டைம்லைனின் ஃப்ரேம் 1920. மூன்று மடங்கு உள்ளே போனாலும் படம் உடையாது. ஸ்கேலை, அதாவது படத்தின் அளவு சதவீதத்தை, 100இலிருந்து 300 வரை ஒரே சீராக ஏற்றினால் தொடக்கத்தில் பாய்கிற மாதிரியும் கடைசியில் தேங்குகிற மாதிரியும் இருக்கும். 100 என்பது 110 ஆனால் பத்து சதவீத வளர்ச்சி. 290 என்பது 300 ஆனால் மூன்றரை சதவீதம்கூட வராது. அதனால் வேகத்தைக் காட்டும் வளைவைக் கையால் திருத்தி, மெல்லத் தொடங்கி மெல்ல நிற்கும்படி இரண்டு முனைகளிலும் ஈஸ் கொடுத்திருந்தேன். அசைவு கண்ணில் படக்கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும். அது யார் கண்ணிலும் படவில்லை, பெரியவர் கண்ணிலும்தான். எல்லாரும் நடுவில் இருந்த முகத்தைப் பார்த்தபோது அவர் ஓரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புகைப்படம் அப்படியே நிற்கும்போது யாரையும் வெளியே அனுப்புவதில்லை. பார்ப்பவர் எங்கிருந்தும் தொடங்கலாம், எவ்வளவு நேரமும் ஒரு முகத்தில் தங்கலாம். ஜூம் வந்ததும் அந்த உரிமை எடிட்டர் கைக்கு வந்துவிடுகிறது. கடைசி வரிசை மூலையில் நிற்பவர் எத்தனையாவது விநாடியில் மறைய வேண்டும் என்பதைப் படம் எடுத்தவர் தீர்மானிக்கவில்லை. நான் வைத்த இரண்டு புள்ளிகள் தீர்மானித்தன.

இதற்காக அசைவே தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. 1957இல் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் காலின் லோவும் வுல்ஃப் கோனிக்கும் டாசன் நகரத்துத் தங்க வேட்டைக் காலப் புகைப்படங்கள் மேல் கேமராவை நகர்த்தி எடுத்த ஆவணப்படம், ஸ்டில்லுக்குள் எவ்வளவு உயிர் இருக்கிறது என்று காட்டியது. கென் பர்ன்ஸ் 1990இல் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய தொடரில் அதே வழியில் போனார். அதில் தளபதிகளின் முகங்களுக்குப் போகும் கேமரா, பெயர் தெரியாத சிப்பாய்களின் முகங்களுக்கும் போகிறது. கூட்டத்துக்குள் நுழைந்து ஒருவரைக் கண்டுபிடிக்கவும் ஜூம் பயன்படும் என்பதற்கு அது போதும். 2003இல் ஆப்பிள் கென் பர்ன்ஸ் பெயரிலேயே அந்த அசைவைத் தன் எடிட்டிங் மென்பொருளான ஐமூவியில் வைத்தது. இன்று அதில் ஸ்டில்லைப் போட்டாலே அசைவு தானாக ஏறிக்கொள்கிறது. யாரை நோக்கிப் போகிறோம் என்று யாரும் யோசிக்காமலேயே படம் நகர்கிறது. இதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் யோசித்துத்தான் வைத்தேன். அப்படியிருந்தும் உறுத்தல் போகவில்லை.

பிறகு அதே ஷாட்டைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். முகத்தில் தொடங்கி முழுக் கூட்டத்தில் முடிகிற மாதிரி. ஓரங்கள் நிறைந்தன, உண்மைதான். ஆனால் வாய்ஸ் ஓவர் நிறுவனரின் பெருமையைச் சொல்லச் சொல்ல அவர் சிறுத்துக்கொண்டே போனார். அந்த வரிகளுக்கு அது பொருந்தவில்லை. படம் அவரைப் பற்றியது. பணம் கொடுத்தவர்கள் கேட்டதும் அதைத்தான்.

புகைப்படத்தைக் கொடுத்த அன்று பெரியவர் அதை மேசையில் வைத்து, ஒவ்வொரு முகமாக விரலை நகர்த்திப் பெயர் சொன்னார். இடமிருந்து வலம், அப்புறம் அடுத்த வரிசை. ஒரு முகத்தையும் விடவில்லை. அவர் மனசில் அந்தப் படத்துக்கு இருந்த அசைவு அதுதான் போலிருக்கிறது. அதை அப்படியே டைம்லைனில் வைக்க முடியுமா? 8 விநாடியில் அத்தனை முகங்களையும் கடந்தால் ஒரு முகமும் பதியாது. பக்கவாட்டில் வேகமாக நகரும் பேனில் எல்லாம் கலங்கிவிடும். மெதுவாகப் போனால் அரை நிமிடத்துக்கு மேல் வேண்டும். அந்த அரை நிமிடத்துக்கு ஸ்கிரிப்டில் ஒரு வரிகூட இல்லை. வரி இல்லாமலே ஓடவிடலாமா என்று நான் கேட்டிருந்தால் தயாரிப்பாளர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.