தலை உள்ளே போனது, வெளியே வரவில்லை

வெள்ளிக்கிழமை மாறுவேடப் போட்டி. “விண்வெளி வீராங்கனைன்னு பேர் குடுத்துட்டேன்ப்பா” என்று மகள் சொன்னது செவ்வாய்க்கிழமை ராத்திரி. வாடகைக்கு எடுத்துவிடலாம் என்றாள் மனைவி. எனக்குள் இருந்த கைவினைஞனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

முதலில் ஹெல்மெட். மகளின் தலையை அளந்தேன்: சுற்றளவு 52 செ.மீ. பலூனை 54 வரும்வரை ஊதினேன். இரண்டு செ.மீ. இடைவெளி தாராளம் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் விதி சிரித்திருக்கிறது. பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் செய்தித்தாளை நனைத்து மூன்று அடுக்கு ஒட்டினேன். தாளைக் கத்தரிக்கோலால் வெட்டாமல் கையால் கிழிக்க வேண்டும். கிழித்த ஓரம்தான் பிசிறோடு படிந்து உட்காரும். இந்த ஞானமெல்லாம் எனக்கு உண்டு.

காலையில் பார்த்தால் ஒரு பக்கம் பெரிய நசுங்கல். ராத்திரிக் குளிரில் பலூன் சுருங்கி, ஈரம் காயாத காகிதத்தையும் கூடவே உள்ளே இழுத்திருக்கிறது. குளிர்ந்தால் காற்று சுருங்கும் என்கிற சார்லஸ் விதி! இயற்பியல் வகுப்பில் தூங்கியதற்கு இத்தனை வருஷம் கழித்துத் தண்டனை. விண்கல் மோதிய தழும்பு என்று மகளிடம் சமாளித்தேன்.

மனைவி பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பை வெட்டி உடை தைத்துக்கொண்டிருந்தாள். “தையல் கோணலா போகுதே” என்று வாயை விட்டேன். “1969ல நிலாவுக்குப் போனவங்க உடையைத் தைச்சுக் குடுத்ததே பெண்கள் உள்ளாடை தயாரிச்ச கம்பெனிதான். அங்கேயும் தையல் மெஷின்ல உட்கார்ந்தது பொம்பளைங்கதான். நீங்க உங்க பலூனைப் பாருங்க” என்றாள். பலூனைப் பார்க்கப் போனேன்.

அடுத்து முதுகில் மாட்டும் ஆக்சிஜன் பெட்டி. டிவி வந்த அட்டைப்பெட்டியில் இருந்த தெர்மோகோலை அழகாகச் செதுக்கி, வெள்ளி நிற ஸ்ப்ரேயை அடித்தேன். ‘சொர்ர்’ என்று மெல்லிய சத்தம். ஓரிடத்தில் சின்னக் குழி. அதை மறைக்க இன்னும் கொஞ்சம் அடித்தேன். குழி பள்ளமானது, பள்ளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பள்ளம். தெர்மோகோலில் 95 சதவீதத்துக்கு மேல் காற்றுதான். மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச பாலிஸ்டைரீனையும் பெயின்ட்டில் உள்ள கரைப்பான் தின்றுவிட்டால் என்ன நிற்கும்? முதலில் ஃபெவிகால் பூசிக் காயவிட்டிருக்க வேண்டும், அல்லது தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் அடித்திருக்க வேண்டும். இதுவும் எனக்கு வந்த ஞானம்தான், ஆனால் பத்து நிமிஷம் தாமதமாக.

மகள் எட்டிப் பார்த்தாள். “ஐ! நிலா செஞ்சிருக்கியாப்பா?”

வியாழன் ராத்திரி ஒத்திகை. ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக் கொஞ்சம் அழுத்தியதும் உள்ளே போய்விட்டது. கைதட்டினோம். கழற்றும்போதுதான் தெரிந்தது, காது ஒரு வழிப்பாதை. உள்ளே போகும்போது சமர்த்தாக மடங்கிக்கொள்கிறது. வெளியே இழுத்தால் கொக்கி மாதிரி மாட்டிக்கொள்கிறது. ஹெல்மெட்டுக்குள்ளிருந்து “ங்ங்ஙா” என்று ஒரு குரல். அது அப்பாவா அம்மாவா என்று எங்களுக்குள் ஒரு சின்ன விவாதம் நடந்தது. கடைசியில் மனைவி ஒரு ஸ்கேலைத் தலைக்கும் காகிதத்துக்கும் நடுவில் செருகிப் பிடித்துக்கொள்ள, நான் பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை வெட்டினேன். உள்ளேயிருந்து தலைமுடியெல்லாம் ஃபெவிகால் துணுக்குகளோடு சிவந்த முகம் ஒன்று வெளியே வந்து, “இன்னொரு தடவை போடலாமா?” என்றது.

வெட்டிய இடத்தில் வெல்க்ரோ ஒட்டினேன். முதலிலேயே அப்படித்தான் செய்திருக்க வேண்டுமாம். மனைவி சொன்னாள்.

போட்டியில் வாடகை உடையில் பளபளவென்று இன்னும் இரண்டு விண்வெளி வீரர்கள், அச்சு அசலாக ஒரே மாதிரி. எங்கள் வீராங்கனை மேடை ஏறியதும் நடுவர் அவள் முதுகில் இருந்த பெட்டியைக் காட்டி, “இது என்னம்மா?” என்றார்.

“நிலா. திரும்பி வரும்போது எடுத்துட்டு வந்தேன்.”

ஆறுதல் பரிசாக ஒரு பேனா கிடைத்தது. ஸ்ப்ரே டப்பாவில் இன்னும் பாதி பெயின்ட் இருக்கிறது. மனைவி அதை எங்கே ஒளித்து வைத்தாள் என்றுதான் தெரியவில்லை.