கையில் ஒட்டும் சென்சார்: களி சாப்பிடும் வீட்டுக்கு

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் சர்க்கரை உள்ளவர்களிடம் "கேழ்வரகுக் களி எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்" என்று சொல்லியே பழக்கிவிட்டார்கள். அது சரியில்லை. சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் 14 நாள் சென்சாரைக் கையில் ஒட்டிப் பார்த்தால் உங்கள் உடம்பே கணக்கைக் காட்டிவிடும். ஒரு நாள் இரண்டு உருண்டை, மறுநாள் ஒரு உருண்டையோடு கீரைக் கடைசல், கொள்ளு. சாப்பிட்ட பின் இரண்டு மணி நேரத்துக்குச் சென்சார் காட்டும் சர்க்கரை வரைகோட்டை ஒப்பிடுங்கள். மாம்பழக் காலத்தில் செந்தூராவுக்கும் இதே சோதனைதான்.

மேல்கையின் பின்புறம், சதைப்பற்றான இடத்தில் ஒட்ட வேண்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, முழுக்கக் காய்ந்த பிறகே அழுத்துங்கள். ஈரத்தில் ஒட்டினால் வியர்வையில் பிய்ந்து வரும். முதல் நாள் அளவுகள் கொஞ்சம் முன்பின் இருக்கும்.

சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கு அடியில் உள்ள திரவத்தை. அதனால் 5 முதல் 10 நிமிடம் பின்தங்கும். சர்க்கரை அளவு 70-க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து விரலில் குத்திப் பாருங்கள். சென்சாரை நம்பினால் இன்னும் குறைவாகவே காட்டும், பயத்தில் மறுபடி சர்க்கரையை அள்ளிப் போடுவீர்கள்.

நடுராத்திரி மட்டும் அலாரம் அடிக்கிறதா? அந்தக் கை மேலேயே படுத்திருக்கலாம். அழுத்தத்தில் அளவு பொய்யாக இறங்கும். அப்போதும் விரலில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இன்சுலின் அளவை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள்.