கேன் தண்ணீரும் கண்மாய் மண்ணும்

போன வாரம் சூளை பிரித்தபோது என்னுடைய ஆறு செம்புகளில் நான்கு, மனசில் நினைத்திருந்த மாதிரியே வெளியே வந்தன. வார்னிஷ் இல்லை, மெழுகு இல்லை, கண்ணாடிப் பூச்சும் இல்லை. எல்லாம் மண்தான். வெயிலில் தூக்கிப் பிடித்தால் புளியங்கொட்டை மாதிரி மினுங்குகின்றன. நாலு மாதமாக இதற்காகத்தான் மதுரைத் திருநகருக்கும், மண்பாண்டம் செய்கிறவர்கள் இருக்கும் விளாச்சேரிக்கும் அலைந்துகொண்டிருந்தேன்.

மண்ணாலேயே ஆன இந்த மினுக்கப் பூச்சுக்கு டெர்ரா சிகில்லாட்டா என்று பெயர். லத்தீனில் முத்திரையிட்ட மண் என்று பொருள். ரோமானியர் காலத்துச் சிவப்பு மேசைக் கலங்களுக்குப் பிற்காலத்தில் வந்த பெயர் அது. இப்போது மண் வேலை செய்கிறவர்கள் மினுக்கம் தரும் பூச்சையே அப்படி அழைக்கிறார்கள். இத்தாலியில் அரெஸ்ஸோ பகுதியில் செய்த அந்தக் கலங்களின் உடைந்த ஓடுகள் புதுச்சேரி பக்கத்தில் நம் அரிக்கமேட்டிலேயே கிடைத்திருக்கின்றன. 1945இல் அங்கே தோண்டிய தொல்லியல் அறிஞர் வீலர், அவற்றை வைத்துத்தான் அந்த இடத்தின் காலத்தைக் கணித்தார்.

எனக்கு ஆசை வந்தது கீழடியில். 2023இல் அருங்காட்சியகம் திறந்த சில மாதங்களில் போயிருந்தேன். அங்கே கருப்பு சிவப்புப் பானை ஓடுகள் முன்னால் வெகுநேரம் நின்றேன். அவற்றின் முறை வேறு, டெர்ரா சிகில்லாட்டா இல்லை. ஆனாலும் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் மண்ணுக்குள் கிடந்த ஒரு ஓட்டில் இன்னும் பளபளப்பு நிற்கிறது என்றால், அந்தப் பளபளப்பு மேலே தடவி வந்ததாக இருக்க முடியாது. மண்ணுக்குள்ளேயே ஏதோ இருக்கிறது என்று தோன்றியது.

இருப்பது இதுதான். களிமண்ணின் துகள்கள் உருண்டை இல்லை, தட்டை. மிகப் பொடியான துகள்களை மட்டும் பிரித்தெடுத்துப் பூசித் தேய்த்தால் அவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக்கொள்கின்றன, சோழவந்தான் வெற்றிலையைக் கவுளி கட்டி அடுக்கியதுபோல. சமமான பரப்பில் வெளிச்சம் சிதறாமல் திரும்பி வருகிறது, அதைத்தான் நாம் மினுக்கம் என்கிறோம். பருத்த துகள் நாலு நடுவில் கிடந்தாலும் அடுக்கு கெட்டுவிடும். அதனால் வேலையில் பாதி, பொடித் துகளைப் பிரிப்பதுதான்.

முதல் முறை வீட்டு போர்வெல் தண்ணீரில் கலக்கினேன். மூன்று லிட்டர் தண்ணீர், மணல் சேர்க்காத காய்ந்த கண்மாய் மண் ஒன்றரைக் கிலோ, டவுனில் கெமிக்கல் கடையில் வாங்கிய சோடியம் சிலிகேட் ஏழரை கிராம். கலக்கி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் மண் முழுக்க அடியில் உட்கார்ந்து, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. சோடியம் சிலிகேட்டைக் கூட்டிப் பார்த்தேன். மறுபடியும் அதே கதை.

காரணம் புரிந்ததும் அம்மாச்சி ஞாபகம் வந்தது. கண்மாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தால் குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரசி வைப்பார். கலங்கல் திரண்டு கீழே இறங்கிவிடும். நமக்கு இங்கே வேண்டியது அதற்கு நேர் எதிர். துகள்கள் திரளவே கூடாது, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்க வேண்டும். அப்போதுதான் பருத்தது கீழே போய், பொடி மட்டும் தண்ணீரில் நிற்கும். அந்தத் தள்ளுதலைக் கொடுப்பது சோடியம் சிலிகேட். சலவைச் சோடாவும் கொடுக்கும். எங்கள் தெருத் தண்ணீரில் இருக்கும் கால்சியமோ தேத்தாங்கொட்டையின் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அப்புறம் இருபது லிட்டர் கேன் தண்ணீருக்கு மாறினேன். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுவே போதும். கலக்கிய பாத்திரத்தை மாடிப்படிக்குக் கீழே, யாரும் தட்டாத இடத்தில் இருபது மணி நேரம் அப்படியே விட்டேன். இந்த நேரத்தில் மூடியைத் திறந்து கிளறிப் பார்க்கக் கூடாது. மேலே நீர்த்த தண்ணீர், அடியில் கெட்டிச் சேறு, நடுவில் பால் பதத்தில் சிவப்பாக ஒன்று. அந்த நடு அடுக்குதான் டெர்ரா சிகில்லாட்டா. மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய டியூபால் அதை மட்டும் உறிஞ்சி எடுக்க வேண்டும். டியூப் நுனி சேற்றைத் தொட்டால் கலங்கிவிடும்.

பதம் பார்க்கச் சமையலறைத் தராசு போதும். நூறு மில்லி பூச்சு 115 கிராம் எடை இருந்தால் சரி. 120ஐத் தாண்டினால் கெட்டி, காய்ந்ததும் உரியும். தண்ணியாக இருந்தால் அகலத் தட்டில் ஊற்றி வெயிலில் வைத்துச் சுண்ட விடலாம். கெட்டியாக ஒரே பூச்சு போதும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மெல்லிசாக மூன்று முறை பூசியதுதான் எனக்கு நின்றது.

பானை எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். மென்மையான அகலத் தூரிகையால் நிறுத்தாமல் ஓட்டிப் பூசுவேன். ஈரப் பளபளப்பு போய் மங்கலாகும் ஒரு கணம் இருக்கிறது. அப்போது தேய்க்க ஆரம்பிக்க வேண்டும். அப்பாவின் நைந்த வேட்டித் துணியால் முதலில், பிறகு காய்கறிக் கடையில் தரும் மெல்லிய கவரைக் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு. அழுத்தவே வேண்டாம். குழந்தை முகத்தைத் துடைக்கிற அளவு போதும். விரலுக்கு அடியில் மண் பளிச்சென்று திரும்புவதைப் பார்க்கும்போது வரும் சந்தோஷத்துக்காகவே இதை எத்தனை முறையும் செய்வேன்.

விளாச்சேரியில் நான் வேலை கற்றுக்கொள்ளும் வேளார் ஐயா இதை முதல் நாள் தள்ளி நின்றே பார்த்தார். அவர் பானைக்குக் காவி பூசிச் சுடுகிறவர். இரண்டாம் நாள் என் செம்பைக் கையில் வாங்கித் தடவிவிட்டு, "பூச்சு நல்லாருக்கு தாயி. அடியில இருக்குற மண்ணு முரடா இருக்கே. மேல எதைப் பூசினா என்ன?" என்றார். பானை பாதி காய்ந்து, நகம் பதியாத பதத்தில் இருக்கும்போதே தன் கூழாங்கல்லால் உடம்பு முழுக்க இழைத்துக் காட்டினார். அந்தக் கல் அவர் அப்பாவுடையது. ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது. அப்படி இழைத்துக் காயவைத்த நான்கு செம்புகள்தான் நன்றாக வந்த நான்கும்.

கெட்டுப்போன இரண்டில் ஒன்றில் கழுத்துப் பக்கம் பூச்சு கெட்டியாகிவிட்டது, கோடையில் கண்மாய்த் தரை வெடிக்கிற மாதிரி உரிந்திருக்கிறது. இன்னொன்றில் என் கைரேகை அப்படியே பதிந்திருக்கிறது. பூசும் முன் தலைக்கு எண்ணெய் வைத்த கையால் தூக்கியிருக்கிறேன். எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு ஒட்டவில்லை.

சூட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆயிரம் டிகிரியை நெருங்கினால் மினுக்கம் மங்க ஆரம்பிக்கும். நெருப்பில் காட்டிய வெற்றிலை சுருள்வதுபோல அடுக்கு குலைந்துவிடும். வறட்டியும் வைக்கோலும் போட்டு எரிக்கும் நாட்டுச் சூளைக்கு அந்த அளவு சூடு வருவதில்லை, அதனால் இந்தப் பூச்சுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. ஒரு செம்பில் வைக்கோல் புகை பட்டு உள்ளங்கை அளவுக்குக் கருப்பு படிந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். ஆனால் இதில் குழம்பு வைக்க முடியாது, தண்ணீர் ஊற்றி வைத்தால் மெதுவாகக் கசியும். பூச்சு பானையை அடைத்துவிடும் என்று நினைத்து வாங்காதீர்கள்.

மிச்சமிருந்த அரை பாட்டில் பூச்சை ஐயா கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். கார்த்திகைக்குச் செய்யும் அகல்களில் பத்துக்கு மட்டும் பூசிப் பார்க்கிறாராம். மாடிப்படிக்குக் கீழே அடுத்த கலவை இருக்கிறது. நாளைச் சாயந்திரம் ஐந்து மணிக்கு இருபது மணி நேரம் முடியும்.