பாய்ச்சலுக்கு மூன்று புள்ளி

பெங்களூரில் ஒரு சின்ன டிசைன் ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். பள்ளிப் பிள்ளைகளின் ஓட்டப் பந்தயம் ஒன்றுக்குப் பேனரும் டீ-சர்ட்டும் செய்யும் வேலை வந்தது. ஆங்கில எழுத்துரு முன்பே முடிவாகியிருந்தது. நல்ல தடிமன், முனையெல்லாம் உருண்டை, வலப்பக்கச் சாய்வு. பார்த்தாலே ஓடுகிற மாதிரி இருக்கும். அதே வேகத்தில் கன்னடமும் தமிழும் வேண்டும் என்றார்கள். கன்னடத்தை உடன் வேலை செய்பவர் எடுத்துக்கொண்டார். தமிழில் எழுத வேண்டிய "பாய்ச்சல்" என்ற சொல் என் கைக்கு வந்தது.

மும்பை ஏக் டைப் குழுவின் பலூ தம்பி எனக்கு ரொம்பப் பிடித்த எழுத்துரு. உருண்டையும் தடிமனும் அதில் அழகாகச் சேர்ந்திருக்கும். ஆனால் அது நிமிர்ந்து நிற்பது. வெனிசில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற அச்சகர் 1501-லேயே முழுப் புத்தகத்தைச் சாய்வெழுத்தில் அச்சடித்துவிட்டார். தமிழ் அச்சில் அப்படி ஒரு மரபு வேரூன்றவில்லை.

சரி, நானே வரைந்து 10 டிகிரி சாய்த்தேன். வட்டமான சுழியைக் கணினியில் அப்படியே சாய்த்தால் மேல் வலப்பக்கமும் கீழ் இடப்பக்கமும் கனத்துவிடும், மற்ற இரண்டு பக்கமும் மெலியும். தமிழில் சுழிக்குப் பஞ்சமா? ஒவ்வொன்றாகத் திருத்தினேன். அதில் மூழ்கிப் புள்ளியை மறந்துவிட்டேன். எழுத்து சாய்ந்தது, புள்ளி உட்காரும் இடம் பழைய இடத்திலேயே நின்றது. பிரின்ட் எடுத்துப் பார்த்தால், 'ச்' மேல் இருக்க வேண்டிய புள்ளி அதற்கு முந்தைய 'ய்' பக்கம் சரிந்து கிடந்தது. ஓலைச்சுவடியில் புள்ளியே இல்லாமல் படித்தவர்கள் நம் முன்னோர். இன்றைய கண்ணுக்கு அந்தப் பழக்கம் இல்லை. வாய்விட்டுப் படித்தபோது நானே தடுமாறினேன்.

அல்சூரில் போர்டு எழுதும் பெரியவர் ஒருவரைத் தெரியும். தாளை எடுத்துக்கொண்டு போனேன். சாக்பீஸ் பொடி தடவிய நூலைத் தகரத்தின் மேல் இழுத்துச் சுண்டினார். படுக்கையாக இரண்டு கோடு, அப்புறம் அவற்றை வெட்டிக்கொண்டு வரிசையாகச் சாய்ந்த கோடுகள். "எழுத்து எந்தக் கோட்டுல ஏறுதோ, புள்ளியும் அதே கோட்டுலதாம்மா உக்காரணும். நேரா மேல பாக்காதே" என்றார்.

திரும்பி வந்து கணக்குப் போட்டேன். எழுத்துரு வரைய நாங்கள் பயன்படுத்தும் அளவில் 700 அலகு உயரத்தில் இருக்கும் புள்ளி, 10 டிகிரிச் சாய்வுக்கு 123 அலகு வலப்பக்கம் நகர வேண்டும். அவர் நூலில் சுண்டியது அதே கணக்குதான். மூன்று புள்ளியையும் நகர்த்தினேன். சொல் அப்போதுதான் ஓட ஆரம்பித்தது.

பந்தயம் முடிந்துவிட்டது. எனக்கு விட மனமில்லை, முழு எழுத்துருவாகவே செய்துகொண்டிருக்கிறேன். மூன்று சுழி 'ண' பெரிய வேலை வாங்குகிறது. இந்தத் தடிமனில் உள்சுழி அடைத்துக்கொண்டால் தூரத்திலிருந்து 'ன' மாதிரியே தெரியும். உள்ளே மட்டும் கோட்டை மெலித்து, எழுத்தைக் கொஞ்சம் அகலமாக்கினேன். திறந்தது. இப்போது 'ணு'வில் நிற்கிறேன். மூன்று சுழி தாண்டி வலப்பக்கம் ஏறும் அந்தக் கோட்டுக்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை. நாளைக்கு அகலத்தை இன்னும் 20 அலகு கூட்டிப் பார்க்க வேண்டும்.